கணினியை அணைக்காமல் ஹார்ட் டிஸ்கை மாற்ற

கும்பகோணத்தில் முகூர்த்த மாதங்களில் எடுக்கும் கல்யாண வீடியோக்களைத் தனித்தனி டிஸ்குகளில் சேமித்து வைக்கும் எனக்கு, ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துத் திறப்பது பெரும் தொல்லையாக இருந்தது. சாட்டா (மெல்லிய கேபிளில் இணையும் இன்றைய வகை) டிஸ்குகள், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டுவதற்கு இடமளிப்பவை. அவற்றின் இணைப்பு முனையில் தரை (எர்த்) இணைப்புக்கான ஊசிகள் சற்று நீளமாக இருப்பதால், அவையே முதலில் தொடர்பு கொள்கின்றன. அகலமான பட்டைக் கேபிளில் இணையும் பழைய ஐடிஇ டிஸ்குகளிலும், வீட்டுக் கணினியின் மதர்போர்டில் திருகி வைத்த சிறு அட்டை போன்ற எம்.2 வகை டிஸ்கிலும் இதை முயலவே கூடாது.

முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) சாட்டா முறை, பழைய ஐடிஇ முறையாக இல்லாமல், ஏஎச்சிஐ என்ற புதிய முறையாக உள்ளதா என்று பார்த்து, உரிய போர்ட்டுக்கு ஹாட் பிளக் (ஓடும்போதே கழற்றி மாட்டும்) வசதியை இயக்க வேண்டும். விண்டோஸை ஐடிஇ முறையில் நிறுவியிருந்தால், அதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கணினி தொடங்காமல் போகக்கூடும்.

கழற்றும் முன் கோப்புகளை மூடி, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அந்த டிஸ்கை மட்டும் ஆஃப்லைன் ஆக்குங்கள், அதாவது விண்டோஸ் அதைப் பயன்படுத்தாதபடி நிறுத்துங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்கைத் தொடாதீர்கள். ஆஃப்லைன் ஆக்கியதாலேயே டிஸ்குக்குள் சுழலும் தட்டு நின்றுவிடாது. பல டிஸ்குகளில் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது அது. ஆகவே முதலில் மின் இணைப்பை மட்டும் விடுவித்து, அரை நிமிடம் பொறுத்து, சுழற்சி அடங்கியபின் டிஸ்கை அசையுங்கள். திறந்த பெட்டிக்குள் கை விட்டுக் கேபிளை இழுப்பதைவிட, முன்பக்கம் செருகும் டிஸ்க் ட்ரே ஒன்றைப் பொருத்திக்கொள்வதே என் பரிந்துரை.