ஆங்கில இலக்கியக் கலைச்சொற்கள்: முதலாண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.ஏ. ஆங்கிலம் சேர்கிற பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். உவமை, உருவகம், மோனை, எதுகை எல்லாம் பள்ளியிலேயே பழகியவை. கம்பன் விழாப் பந்தலில் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்ட காதுகள் அவர்களுக்கு. இவ்வளவு இருந்தும் ஓர் ஆங்கிலக் கவிதையைக் கொடுத்து 'இதில் என்ன அணி?' என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். வரி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, கண்ணில் படும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்துவிடுவதுதான் காரணம். கீழே சொல்லும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் அதுவே.

'லைக்', 'ஆஸ்' இரண்டில் ஒன்றைக் கண்டதும் சிமிலி (உவமை) என்று எழுதுவது முதல் தவறு. 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' என்றால் மகன் அப்பா ஜாடை, அவ்வளவுதான். அதில் அணி எதுவும் இல்லை. 'ஆஸ் சூன் ஆஸ்' வெறும் காலக் குறிப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தைப் பார்த்து 'தி ஃப்ளோர் ஷோன் லைக் ஸ்டில் வாட்டர்' என்று ஒருவர் எழுதினால் அது சிமிலி. தரை வேறு, நீர் வேறு. இனத்தால் விலகி நிற்கும் இரண்டையும் பளபளப்பு ஒன்று சேர்க்கிறது. தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறார். ஆங்கில வரியிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: ஒப்புமை செயலிலா, பயனிலா, வடிவிலா, நிறத்திலா? எதிலும் ஒப்புமை அகப்படவில்லை என்றால் அங்கே சிமிலி இருப்பது சந்தேகம்தான். ஆங்கில விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் டெனர், வெஹிக்கிள் என்று பிரித்துக் காட்டியதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உவமேயம், உவமானம் என்று நீங்கள் படித்ததை ஒட்டியதுதான் அது.

மெட்டஃபர் (உருவகம்) என்றால் சிமிலியில் 'லைக்' என்ற சொல்லை எடுத்துவிட்டது என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பரீட்சையில் காலை வாருவது இந்த விளக்கம்தான். மெட்டஃபர் பெரும்பாலும் வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். 'ஹர் வர்ட்ஸ் கட் ஹிம்' என்ற வரியில் கத்தி என்ற சொல்லே கிடையாது. ஆனால் வெட்டுகிறது என்று சொன்னதுமே சொல் கத்தியாகிவிட்டது. 'இஸ்' இருக்கும் வாக்கியங்களை மட்டும் தேடுகிறவர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்.

பெர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்றத்தோடு ஒன்றாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. காற்று கிசுகிசுத்தது என்றால் அஃறிணைக்கு மனிதச் செயல் வந்துவிட்டது. பெர்சானிஃபிகேஷனுக்கு அது போதும். தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தானே ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். மதுரை மதிற்கொடிகள் காற்றில் ஆடியதை, கோவலனை வரவேண்டாம் என்று தடுத்ததாக இளங்கோ சொன்னாரே, அதுபோல.

அதிகமான மதிப்பெண் போவது அலிட்டரேஷனில், அதாவது அருகருகே வரும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதில். எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். 'சிட்டி' (நகரம்), 'கேட்' (பூனை) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகாது. 'ஃபோன்', 'ஃபேன்' வேறு வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஆகும். 'நைஃப்' என்பதன் முதல் எழுத்து ஒலிப்பதே இல்லை. அது 'நைட்' என்பதோடு சேரும், 'கிங்' என்பதோடு சேராது. தமிழில் எழுதியபடி படித்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் கடினம்தான். மோனை விதியையும் அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். சகரத்துக்குத் தகரம் இன மோனையாக வரும் சலுகை ஆங்கிலத்தில் கிடையாது.

ரைமும் அப்படித்தான். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் அமைவது. ரைம் பெரும்பாலும் அடியின் கடைசியில் வருவது, ஆகவே இயைபுக்கு நெருக்கமானது. 'லவ்', 'மூவ்' கண்ணுக்கு ஒன்றுபோல முடியும், காதுக்கு முடியாது. அதை ஐ ரைம் என்பார்கள். 'ப்ளூ', 'ஷூ' எழுத்தில் எவ்வளவு விலகியிருந்தாலும் முழு ரைம்.

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டையும் புதுக்கவிதை என்று எழுதுகிறவர்கள் உண்டு. புதுக்கவிதைக்குப் பக்கத்தில் நிற்பது ஃப்ரீ வெர்ஸ் மட்டுமே. பிளாங்க் வெர்ஸில் ரைம் இல்லை, ஆனால் யாப்பு கட்டாயம் உண்டு: அடிக்கு ஐந்து சீர், ஒவ்வொன்றிலும் அழுத்தமில்லாத அசை ஒன்று, அழுத்தமுள்ள அசை ஒன்று. மில்டன் 1667-இல் வெளியிட்ட பெருங்காப்பியம் முழுக்க இந்த யாப்பில் ஆனது. அதை ஃப்ரீ வெர்ஸ் என்று எழுதினால் எந்தத் திருத்துநரும் மன்னிக்க மாட்டார். அசை பிரிக்கும்போது குறில், நெடில் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆங்கில யாப்பு அழுத்தத்தில் நிற்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, கவிதையில் 'ஐ' (நான்) என்று வந்ததும் அது கவிஞர்தான் என்று முடிவு கட்டுவது. ராபர்ட் பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' 1842-இல் வந்தது. அதில் பேசுகிறவன் ஒரு பிரபு. மனைவியின் சிரிப்பைத் தாங்காமல் அவள் கதையை முடித்தவன். விடைத்தாளில் 'பிரவுனிங் தன் மனைவியைக் கொன்றதைச் சொல்கிறார்' என்று எழுதுகிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆனதே 1846-இல்தான்! கம்பனில் இராவணன் பேசும்போது அது கம்பனின் பேச்சு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் படத்துக்கு எழுதிய பாட்டைப் பாத்திரத்தின் குரலாகத்தான் கேட்கிறோம். அந்த நிதானம் ஆங்கிலக் கவிதையிலும் வேண்டும். கவிதையில் பேசுகிறவரை ஸ்பீக்கர் என்றும், கதை சொல்கிறவரை நரேட்டர் என்றும் எழுதுங்கள்.

துரதிர்ஷ்டம், தற்செயல் எல்லாவற்றையும் ஐரனி (முரண்நகை) என்று எழுதாதீர்கள். திருவிழா இரவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். கிழவராக வந்திருப்பது முருகன் என்று நமக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அதுதான் டிரமாட்டிக் ஐரனி. சொல்வது ஒன்று, கருதுவது வேறொன்று என்றால் வெர்பல் ஐரனி. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்தால் சிச்சுவேஷனல்.

தீம் கேட்டால் 'காதல்' என்று ஒற்றைச் சொல் எழுதுவது போதாது, அது சப்ஜெக்ட். காதலைப் பற்றி அந்தப் படைப்பு என்ன சொல்கிறது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதினால்தான் தீம். அது அறிவுரையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. டோன் எழுதியவரின் மனப்பாங்கு, மூட் படிப்பவருக்கு உண்டாகும் உணர்வு.

ஐந்து மதிப்பெண் விடையில் 'தி பொயட் யூஸஸ் அலிட்டரேஷன்' என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடாதீர்கள். எந்தச் சொற்களில், எந்த ஒலி, அதனால் வரி வேகம் கூடியதா, கனத்ததா, மென்மையானதா என்று இன்னும் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். வகுப்பில் எழுந்து பேசும்போது, 'சிமைல்' இல்லை, 'சிமிலி'. மிகைப்படுத்திச் சொல்லும் அணி 'ஹைபர்போல்' இல்லை, 'ஹைபர்பலி'.