தயிரை வடிகட்டாமல் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் பன்னீர் திராட்சைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. வேறு ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு, இங்கே எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பந்தலில் பழம் தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு கிலோ வாங்கிவந்தால் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும், மீதி ஃப்ரிட்ஜில் காம்பு கருத்துக் கிடக்கும். அந்த மீதியை வீணாக்க மனசு வராமல்தான் இந்த உறைந்த தயிர்த் தின்பண்டத்தைச் செய்ய ஆரம்பித்தேன், இப்போது இதற்கென்றே தனியாகப் பழம் வாங்குகிறோம்.

கெட்டித் தயிரைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே பழத்தைத் தூவி, உறைய வைத்து, கடலை மிட்டாயை உடைப்பதுபோல் உடைத்துத் தின்பது. வேலை அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை வீட்டுத் தயிரை அப்படியே சர்க்கரை போட்டுக் கலக்கி ஊற்றி வைத்தேன். காலையில் எடுத்தால் பாறை மாதிரி இருக்கிறது. கடித்தால் பல் கூசுகிறது, வாயில் ஐஸ் தனியாகக் கரைந்து போகிறது, தயிர் தனியாகத் திப்பித் திப்பியாக நிற்கிறது. தயிரில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது உறையும்போது ஊசி ஊசியாகப் பனிக்கட்டி பிடிக்கிறது. தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் ஊசிகள் குறையும், தின்பண்டம் மெத்தென்று இருக்கும். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இந்த ஒன்றை மட்டும் விடவே கூடாது.

கொழுப்பு எடுக்காத பால் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கியதும் இறக்காமல் சிறுதீயில் பத்து நிமிஷம் காயவிடுங்கள், பால் சற்று இறுகும். விரல் வைத்தால் சுகமான சூடு இருக்கும்போது ஒரு டீஸ்பூன் உறைமோர். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும், மார்கழியில் மலைக்காற்று இறங்கும் நாட்களில் ராத்திரி முழுக்க விட வேண்டும். புளிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கடைத் தயிர் என்றாலும் பரவாயில்லை, அன்றைக்கு வந்ததாக இருந்தால் போதும்.

வடிகட்ட நல்ல பழைய வேட்டித் துணி போதும், சோப்பு வாசனை போக வெந்நீரில் ஒரு தடவை கொதிக்கவிட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். துணியை வடிகட்டியின் மேல் விரித்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, தயிரைக் கொட்டி, முடிச்சுப் போட்டு அப்படியே ஃப்ரிட்ஜுக்குள். குழாயில் கட்டித் தொங்கவிடுவார்கள், நம் ஊர் வெயிலுக்கு அது புளித்துவிடும். ஆறு மணி நேரமாவது வேண்டும், ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு கரண்டி அள்ளிக் கவிழ்த்துப் பிடியுங்கள், விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பதம் சரி. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம் கெட்டித் தயிர் மிஞ்சும். அடியில் இறங்கியிருக்கும் மஞ்சள் தண்ணீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம், உப்பும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் குடிக்கலாம்.

அடுத்தது இனிப்பு. சர்க்கரையைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று பலர் ஒரு ஸ்பூனோடு நிறுத்திவிடுகிறார்கள், அப்புறம் கல்லாகிவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். சர்க்கரை கரைந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது, அதனால்தான் பண்டம் இளக்கமாக இருக்கிறது. 400 கிராமுக்கு நான்கு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, இல்லையென்றால் மூன்று மேசைக்கரண்டி தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்தது எதுவும் கொடுக்கக் கூடாது. நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறம் மங்கும், ருசி நன்றாகவே இருக்கும். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மட்டாகத் தெரியும், ஆகவே கலக்கி ருசி பார்க்கும்போது ஒரு பிடி தூக்கலாகவே இருக்கட்டும். ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். காலையில் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது, ஏலக்காய்க்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. தோலை நீக்கி விதையை மட்டும் நுணுக்கிப் போடுங்கள். கலக்குவதற்கு மிக்ஸி வேண்டாம், வடிகட்டிய தயிர் மிக்ஸியில் ஓடினால் திரும்பவும் நீர்த்துவிடும். கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டினால் போதும்.

சரி, பழத்துக்கு வருவோம். பன்னீர் திராட்சையில் விதை உண்டு. கழுவி, துணியில் ஒற்றி, பாதியாக அரிந்தால் பச்சை ஓடிய சதைக்குள் இரண்டு மூன்று விதை தெரியும், கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும். விரல் ஊதாவாகும், அறுக்கும்போதே அந்தப் பன்னீர் வாசனை அடுக்களை முழுக்க நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நான்காக அரிந்துதான் போட வேண்டும். முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், உறைந்தது என்றால் இன்னும் ஆபத்து.

குமுளியில் கட்டிக்கொடுத்த என் தங்கை ஒருநாள் போன் செய்தாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், தட்டுல தண்ணி விட்டுக் கெடக்கு, கசக்கவும் செய்யுது." அவள் போட்டது வேகவைக்காத அன்னாசி. அன்னாசியில் ப்ரோமிலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பால் புரதத்தை உடைத்துவிடும், கசப்பும் அதனால் வருவதுதான். அன்னாசித் துண்டுகளை இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடித்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கிவியும் இதே ரகம்தான். அதற்கப்புறம் அவள் பேஷன் ஃப்ரூட் சாற்றை விதையோடு மேலே கோடு கோடாக ஊற்றிச் செய்தாள், அது என்னுடையதைவிட நன்றாக வந்தது. நன்றாகப் பழுத்த நேந்திரம் பழத்தை நெய்யில் லேசாகப் புரட்டி ஆறவைத்தும் போடலாம். மாம்பழம், பலாச்சுளை எல்லாம் பொடியாக நறுக்கினால் சரிவரும். தர்பூசணி மட்டும் வேண்டாம், அது முழுக்கத் தண்ணீர்.

எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, தயிரை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். கனம் கூடினால் கடிக்க முடியாது, குறைந்தால் கையிலேயே உருகும். பழத்தைத் தூவி விரலால் மெல்ல அழுத்துங்கள், இல்லையென்றால் உடைக்கும்போது தனியாக உதிரும். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், ஃப்ரீசரில் மீன் இருந்தால் தயிர் அந்த வாடையை உடனே வாங்கிக்கொள்ளும். தட்டு ஃப்ரீசரின் தரையைத் தொட்டபடி, உள்ளே தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவுக்குப் பனி ஊசிகள் சிறியதாக இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் போதும். பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை என்று அறிவித்திருந்தால் அன்றைக்குச் செய்ய வேண்டாம்.

எடுத்ததும் ஒரு நிமிஷம் விட்டு, பேப்பரோடு தூக்கி, கையால் உடைத்து, உடனே டப்பாவில் போட்டுத் திரும்ப உள்ளே வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தின்றால்தான் ருசி, இரண்டு வாரத்துக்கு மேல் பனி பூத்துவிடும். தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை உறைந்தாலும் சாவதில்லை, தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்கு இது ஆகாது, நம் வெயிலில் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. பிள்ளைகள் பையைக் கழற்றிப் போட்ட கையோடு கொடுங்கள். தட்டில் உருகி மிஞ்சியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், ஒரு டம்ளரில் வழித்து ஊற்றி, கொஞ்சம் குளிர்ந்த பால் சேர்த்து அப்போதே குடித்துவிடுங்கள்.