பட்டுப்புழு மனையில் ரெண்டு நாள் தங்கி நாமே சமைக்க: கேட்க வேண்டியது, கொண்டுபோக வேண்டியது

இங்கிலாந்து, நெதர்லாந்து பக்கமெல்லாம் ஓட்டம் நின்றுபோன பழைய காற்றாலையை வீடாக மாற்றி, அடுப்பு பாத்திரத்தோடு விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதுவும் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம், அதற்கு ஈடாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது பட்டுப்புழு வளர்ப்பு மனைதான். மல்பெரி தோட்டத்தின் ஓரத்தில் உயரமான கூரை, வரிசையாக ஜன்னல், புழுவைத் தாக்கும் ஊஜி ஈ உள்ளே வராமலிருக்க ஜன்னல் முழுக்க வலை. புழு வளர்ப்பை விட்டவர்களோ, பக்கத்திலேயே புதிய மனை கட்டிக்கொண்டவர்களோ, பழைய மனையில் குளியலறையும் சமையல் மேடையும் போட்டுத் தங்க விட்டால் குடும்பத்தோடு போவதற்கு அருமையான இடம். ஆனால் அது ஹோட்டல் இல்லை. காபி வேண்டுமென்றால் நீங்கள்தான் பால் காய்ச்ச வேண்டும், அதனால் ஊஞ்சல் போட்ட போட்டோவைப் பார்த்து மயங்காமல் அடுப்பையும் தண்ணீரையும் பற்றி முதலில் விசாரியுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். மெசேஜில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "அண்ணா, அடுப்பு ரெண்டு பர்னரா? சிலிண்டர் தீர்ந்தா இன்னொன்னு கைவசம் இருக்கா? குக்கர் எத்தனை லிட்டர், கேஸ்கெட் நல்லா இருக்கா?" என்று துருவிக் கேட்க வேண்டும். கூச்சப்படாதீர்கள், அவர்களும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து கூரை. ஓடா, ஷீட்டா, தளமா? ஷீட் என்றால் ஏப்ரல், மே மாதப் பகலில் உள்ளே உட்கார முடியாது. டிசம்பர், ஜனவரியில் நேர்மாறு. தளி மேட்டுப்பகுதி, வெள்ளைக்காரர்கள் லிட்டில் இங்கிலாந்து என்று பெயர் வைத்த ஊர், மனையோ காற்று போய்வர வேண்டும் என்றே கட்டியது, ராத்திரி வலை ஜன்னல் வழியாக வாடை வீசும்போது ஒரு போர்வை போதாது. ஜன்னலுக்குக் கதவு இருக்கிறதா, வெறும் வலைதானா என்பதையும் கேட்டு வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ரெண்டு நாளில் யாருக்கும் பல் கறைபடப் போவதில்லை என்பது உண்மைதான், இருந்தாலும் கைக்குழந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் கூட வந்தால் குடிக்க, உலை வைக்க ஒகேனக்கல் தண்ணீர் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் வழியில் ரெண்டு கேன் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும். தோட்டத்து மோட்டார் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் ஓடும் என்றால், தொட்டி எப்போது நிரம்பும் என்று தெரிந்துகொண்டு குளியலை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து சமையலறையையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டாம். மசாலாப் பொடி, காபித் தூள், நல்ல கத்தி ஒன்று, டார்ச், தீப்பெட்டி, பாத்திரம் தேய்க்க நார், துணிப்பை, அவ்வளவு போதும். காய்கறியை ஓசூர் உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடலாம், ராயக்கோட்டை வழியாக வந்தால் தக்காளிக்குக் குறைச்சலே இல்லை. புளி இந்த ரெண்டு மாவட்டத்திலும் நன்றாகக் கிடைக்கும், ஊருக்கும் சேர்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தை. ஆடு மாடு பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பேரம் பேசி ஆட்டை வண்டியில் ஏற்றிவிடாமல் இருந்தால் சரி. மாம்பழ சீசனில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தோப்பு தோப்பாகத் தொங்குகிற பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற ரகம், பழமாகச் சாப்பிடச் செந்தூராவோ மல்கோவாவோ கேட்டு வாங்குங்கள். ஆனால் பெங்களூரா காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவினால் அதை அடிக்க வேறு காய் கிடையாது, பருப்பில் போட்டாலும் தனி ருசி.

முதல் நாள் ராத்திரி ரசம் சோறு, அப்பளம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது இடத்தில் சுவிட்ச் எங்கே, டம்ளர் எங்கே என்று தேடிக்கொண்டே பிரியாணி செய்தால் சாப்பிடப் பதினோரு மணியாகும். மறுநாள் மதியம் களி. கேழ்வரகு விளைகிற ஊருக்குப் போய் நூடுல்ஸ் சாப்பிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாலு பேருக்கு ரெண்டு டம்ளர் கேழ்வரகு மாவு, ஐந்து டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி நொய். தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அப்புறம் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறக் கூடாது. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு ஓட்டை போட்டு, தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம் விட்டால் அந்த ஓட்டை வழியாகக் கஞ்சி குமிழ் விட்டு மேலே வந்து மாவு மெல்ல நிறம் மாறும். அதன்பிறகுதான் கிண்ட வேண்டும், பானையைக் கீழே இறக்கி ஒருவர் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டி உடையும்வரை விடாமல் கிண்டணும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் தட்டில் தண்ணீர் தெளித்து உருட்டுங்கள். மார்கழி, தையில் போனால் அவரைக்கொட்டைக் குழம்பு, மற்ற நாளில் கீரைக் கடைசல் அல்லது நாட்டுக்கோழி. பழகாதவர்கள் மென்று பார்த்துவிட்டு மண் மாதிரி இருக்கிறதென்று முகம் சுளிப்பார்கள். குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கச் சொல்லுங்கள்.

வெளியே விறகு அடுப்பு இருந்தால் கோழிக் குழம்பை அதில் வையுங்கள். ஏற்றும் முன் பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி பாத்திரத்தில் பிடிக்காமல் கழுவும்போது சாம்பலோடு வந்துவிடும். விறகுக்குக் காசு தனியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கிடக்கிறதே என்று மல்பெரிக் குச்சியை நீங்களாக எடுக்க வேண்டாம், நடவுக்கு வெட்டி வைத்ததாக இருக்கலாம்.

பக்கத்து மனையில் இன்னும் புழு இருக்கிறதா? இருந்தால் கொசுவர்த்தி, லிக்விட், ஸ்பிரே எதுவுமே கூடாது. கொசுவைக் கொல்கிற அதே மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும், காற்று அந்தப் பக்கம் அடித்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு போய்விடும். கொசுவலை கொண்டுபோங்கள். புழுவைப் பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டு அக்காவிடம் கேளுங்கள், வாசலில் தூவியிருக்கும் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடரில் காலை மிதித்து, கை கழுவி, சென்ட் அடிக்காமல் உள்ளே போக வேண்டும். கடைசிப் பருவத்துப் புழு தழை தின்கிற நேரமாக இருந்தால் பேசாமல் நின்று கேளுங்கள், ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வரும். புழு தோலுரிக்கப் படுத்திருக்கும் நாளென்றால் அனுமதிக்க மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள்.

இருட்டிய பிறகு வண்டியை எடுக்காதீர்கள். கேழ்வரகு முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வரும், வருஷா வருஷம் நடப்பதுதான். அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போவதாக இருந்தாலும் காலையில் கிளம்பி வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள், காவிரியில் தண்ணீர் அதிகமென்றால் பரிசலை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கிளம்பும் முன் விசாரியுங்கள். ராத்திரி வாழைப்பழத் தார், பலாப்பழம், உப்பு மூட்டை எதையும் திண்ணையில் வைக்க வேண்டாம். பட்டாசுச் சத்தமோ தகர டப்பா தட்டுகிற சத்தமோ கேட்டால் வேடிக்கை பார்க்க டார்ச்சோடு ஓடாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். வயல் வேலிக் கம்பியில் மின்சாரம் இருக்கலாம், பகலிலும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கிளம்பும் நாளில் மிச்சச் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவது பலருக்கும் பழக்கம். ஒரேயடியாக நிறையச் சோறு தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம், கேட்காமல் போடாதீர்கள். பிளாஸ்டிக் குப்பையைக் கட்டி வண்டியிலேயே எடுத்துப் போய் டவுனில் போடுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, குழாய் ஒழுகுகிறது, குக்கர் விசில் போகவில்லை என்று ஏதாவது இருந்தால் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் பணத்தையும் அங்கேயே கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.