கோவிட் வார்டு நாட்களில் தூக்கத்தை எப்படி மீட்டேன்

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் கோவிட் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பிபிஇ கிட் என்ற முழுப் பாதுகாப்பு உடையை மாட்டிவிட்டால் ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் இல்லை, பாத்ரூம் இல்லை. அதுகூடப் பழகிவிட்டது. ஆளைத் தின்றது போன்தான். வார்டுக்குள் உறவினர்களை விடமாட்டார்கள் என்பதால் "அப்பா சாப்பிட்டாரா சிஸ்டர், சேச்சுரேஷன் எவ்வளவு?" என்று ஓயாமல் அழைப்பு வரும் (சேச்சுரேஷன் என்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு). காலையில் எந்த மகளிடம் "நல்லா இருக்கார்" என்று நான் சொன்னேனோ அவளிடமே மாலையில் வேறு செய்தி சொல்ல வேண்டியிருக்கும். அறைக்குப் போய்ப் படுத்தாலும் மானிட்டரின் பீப் சத்தம்தான் காதில் கேட்கும்.

இன்சார்ஜ் அக்காவிடம் பேசி, குடும்பங்களுக்கு நாங்களே அழைத்துச் சொல்ல மாலையில் ஒரு நேரம் ஒதுக்கினோம். மரணச் செய்தியை டியூட்டி டாக்டர் சொல்வார் என்றும் முடிவானது. பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. அப்புறம், கிட் கழற்றும்போது தவறு நடக்காமல் பார்க்க ஜோடியாக இன்னொரு நர்ஸ் இருப்பாள், அவளிடமே அன்றைக்கு நடந்ததைக் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தது. ஆள் பற்றாக்குறைக்கு யோகாவா மருந்து?

தூக்கம் மட்டும் சரியாகவில்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்தேன். கவுன்சலர் பொறுமையாகக் கேட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச காலம் மாத்திரை எடுத்தேன், தூக்கம் வந்தது. இப்போது டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனை எண் 14416 இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நைட் ஷிப்ட்காரர்களுக்கு வசதி.