டிரான்ஸ்பர் என்றதும் ‘சரி சார்’ சொல்லிவிடாதீர்கள்

“ஒண்ணாம் தேதி பெங்களூர்ல இருக்கணும். செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்.” காரைக்குடி கிளையில் உட்கார்ந்திருந்த எனக்கு மேலாளர் போனில் சொன்னது இவ்வளவுதான். சரி சார் என்றேன். முதல் தவறு அந்த ‘சரி சார்’.

இத்தனைக்கும் பிழைக்க ஊர் விட்டுப் போவது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்யப் போன காலத்தில், கடைக்கு ஆளாகப் போகிறவர் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். சம்பளத்தில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறுவார், அங்கே சாப்பாட்டுச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. எல்லாவற்றையும் பேசி முடித்துக்கொண்டுதான் பயணம். நானோ ஒரு போனுக்கே பெட்டி கட்டினேன்.

‘செலவெல்லாம்’ என்றால் எது எது என்று மெயிலில் வாங்குங்கள். லாரி வாடகை, குடும்பத்துக்கு டிக்கெட், வீடு பார்க்கப் போய்வரும் செலவு, புரோக்கர் கமிஷன், வீடு கிடைக்கும்வரை தங்குமிடம் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். பெரிய அடி வீட்டு அட்வான்ஸில்தான் விழும். பெங்களூரில் ஐந்தாறு மாத வாடகையைச் சாதாரணமாகக் கேட்பார்கள். அது திரும்பி வரும் பணம், செலவில்லை என்று ஹெச்ஆர் சொல்வார்கள், நியாயம்தான். அதனால் அதைச் செலவாகக் கேட்காமல் வட்டியில்லாக் கடனாகக் கேளுங்கள், மாதாமாதம் பிடித்துக்கொள்ளட்டும். நான் கேட்கத் தெரியாமல் நகையை வைத்தேன்.

அடுத்தது, மொத்தமாக ஒரு தொகை என்றதும் மயங்குவது. எனக்கு 50,000 ரூபாய் என்றார்கள், சம்பளத்தோடு சேர்த்துப் போட்டு வரியும் பிடித்துவிட்டார்கள். மாற்றலுக்காக உண்மையில் செலவான பயணம், பேக்கிங், சாமான் ஏற்றிய செலவுக்கு வருமான வரி விலக்கு உண்டு. அதற்கு ரசீது வேண்டும், கம்பெனியும் அதை மாற்றல் படியாகக் காட்ட வேண்டும். கையில் எவ்வளவு வரும் என்று கேட்ட பிறகு தொகையைப் பேசுங்கள்.

ஊரில் இருப்பது சொந்த வீடா என்று மாற்றல் படிவத்தில் கேட்டார்கள், ஆமாம் என்று எழுதினேன். பங்காளிகளோடு சேர்ந்த பெரிய வீடு, அப்பா அம்மா அங்கேதான் இருப்பார்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் நான் வந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் படிவத்துக்கு எப்படித் தெரியும்? முதல் வருஷம் ஊருக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகும் செலவைக் கேட்டிருக்கலாம். லாரிக்காரரிடமும் போனிலேயே விலை பேசாதீர்கள். தேக்குப் பீரோவையும் பித்தளை அண்டாவையும் நேரில் பார்த்ததும் தொகை ஏறும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் கார் இருந்தால் அங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும், அதுவும் பட்டியலில் வரட்டும்.

ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் முழுத் தொகையும் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வேலை பார்த்த மாதங்களைக் கழித்து மீதியை மட்டும் பிடிப்போம், கம்பெனியே வேலையிலிருந்து அனுப்பினால் பிடிக்க மாட்டோம் என்று அதை மாற்றச் சொல்லுங்கள்.

நியமன உத்தரவிலேயே எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று போட்டிருந்தால் போகமாட்டேன் என்பது கஷ்டம்தான். ஆனாலும் தேதியையும் செலவையும் பேசலாம், அதுவும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், “அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்.”

இரண்டாவது மாற்றல் ஹைதராபாத்துக்கு வந்தபோது, ஒரு நாள் டைம் கொடுங்க சார் என்று சொல்லிவிட்டு ஏழு வரியில் மெயில் போட்டேன். பள்ளிக் கட்டணம் முடியாது என்றார்கள், ஊருக்கு வந்துபோக ஒரு முறைதான் என்றார்கள். வீட்டு அட்வான்ஸை மட்டும் கேட்டபடியே கொடுத்தார்கள்.