கடலோரத் தனிமையை வரையும்போது எங்கே சறுக்குகிறோம்?

வெறிச்சோடிய கரை, தலை குனிந்து நிற்கும் ஒருவன், பின்னால் மறைகிற சூரியன். கடலோரத் தனிமை என்றதும் பெரும்பாலோரின் கை இங்கேதான் போய் நிற்கிறது. பார்ப்பவருக்கு அவன் சோகமாக இருக்கிறான் என்று புரியும். ஆனால் மனதில் ஒன்றும் ஒட்டாது.

முதல் கோளாறு ஆளின் அளவு. முகவாட்டம் தெரிய வேண்டும் என்று ஆளைப் பெரிதாக்கினால் கடல் வெறும் திரைச்சீலை ஆகிவிடும். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் 1808-1810இல் தீட்டிய ‘கடலோரத் துறவி’யைப் பாருங்கள். 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம். அவ்வளவு பெரிய கித்தானில் துறவி ஒரு சின்னக் கீற்று. மணல், கடல், வானம் எல்லாம் படுக்கையாகக் கிடக்க, நெட்டாக நிற்பவர் அவர் மட்டுமே. படத்தின் பெரும்பகுதியை வானமே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது, காலி இடத்தைக் கண்டு பயப்படுவது. இங்கே ஒரு படகு, அங்கே ஒரு கலங்கரை விளக்கம் என்று செருகத் தோன்றும். அந்த ஆசை ஃபிரீட்ரிஷுக்கும் இருந்திருக்கிறது. துறவிக்கு இருபுறமும் முதலில் கப்பல்கள் இருந்தது அகச்சிவப்பு ஆய்வில் தெரியவந்தது. அவரே அவற்றை மறைத்துவிட்டார். கப்பல் இருந்திருந்தால் கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், அதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மனம் சமாதானமாகிவிடும். சில கடற்பறவைகளை மட்டும் விட்டுவைத்தார். அவை யாருக்கும் துணையில்லை.

தொடுவானத்தைப் படத்தின் நட்டநடுவில் போட்டு, வானுக்கும் கடலுக்கும் சரிபாதி பங்கு பிரிக்காதீர்கள். கோடு சாயவும் கூடாது. சாய்ந்தால் கடல் கொட்டிவிடும்போல இருக்கும்.

நிறத்தில்தான் அதிகம் சிக்குகிறோம். சோகம் என்றால் நீலம், கூடவே கொஞ்சம் சாம்பல் என்று முழுப் படத்தையும் ஒரே சாயத்தில் முக்கி எடுப்பது. உச்சிவெயிலில் பளீரென்று கிடக்கும் கரைகூடத் தனிமையாக இருக்கலாமே! நிறத்தைவிட முக்கியம், எது வெளுப்பு, எது கருமை என்ற கணக்கு. ஈர மணலையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மேலே பார்த்தால் அது உலர்ந்த மணலைவிடக் கருத்திருக்கும். தள்ளிநின்று சாய்வாகப் பார்த்தால், அலை பின்வாங்கிய அந்தச் சில நொடிகளில் வானத்தை அப்படியே வாங்கிக் காட்டும். அந்த ஒளிப்பட்டையை விட்டுவிட்டு ஒரே காவியாகப் பூசினால் கரை செத்துப்போகும்.

ஒற்றைக் காலடித் தடம் இன்னொரு மலிவான தந்திரம். நானும் ஆசையாசையாகப் போட்டிருக்கிறேன், பிறகு துணியால் துடைத்தும் இருக்கிறேன். துடைத்த பிறகுதான் அந்தப் படத்தில் காற்று வீசத் தொடங்கியது.

வரைந்து முடித்ததும் ஆளைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். கரை அப்போதும் தனியாகக் கிடந்தால் விரலை எடுத்துவிடலாம். இல்லையென்றால் அவனை இன்னும் எப்படி வாட்டமாகக் காட்டுவது என்று யோசிக்க வேண்டாம். வானத்துக்குத் திரும்பிப் போங்கள்.