ஸ்காட்ஸ் கவிதையும் பாட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரை மட்டும் வீடு திரும்புகிறது. சேணம் வெறுமையாக இருக்கிறது. வயதான தாய் வாசலுக்கு ஓடி வருகிறாள். 'போனி ஜார்ஜ் கேம்ப்பெல்' என்ற பழைய ஸ்காட்ஸ் கதைப்பாடலில் வரும் இந்த இடத்தை முதல்முறை வாசித்தபோது, தாய் யாரையோ வரவேற்கிறாள் என்று எண்ணிக் கடந்துவிட்டேன். அங்கே இருந்த சொல் 'கிரீட்'. ஆங்கிலத்தில் அதற்கு வரவேற்பது என்று பொருள், ஸ்காட்ஸில் அழுவது. அவள் மகனை இழந்து கதறிக்கொண்டிருந்தாள்.

ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியை ஆங்கிலமாகப் படிப்பதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்குத் தாயும் அதுவே. இரண்டும் பழைய ஆங்கிலத்தில் இருந்து கிளைத்த சகோதர மொழிகள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியோ கெல்டிக் குடும்பம், அதற்கும் ஸ்காட்ஸுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேச வரும் என்று சொன்னார்கள். இதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தெரிந்த சொல் போலத் தோன்றுவதுதான் அதிகம் ஏமாற்றும். பாடலில் 'கின்' (gin) என்று வந்தால் அது ஜின் என்ற மதுவின் பெயர் இல்லை, 'என்றால்' என்கிற நிபந்தனைச் சொல். தெரியாத சொல்லுக்கு நாமே அகராதியைத் தேடிப் போவோம், தெரிந்த மாதிரி இருப்பதற்குப் போக மாட்டோம். அதனால் தெரிந்த சொல்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்லாமல் கண்ணால் மட்டும் படிப்பது. தேவாலயத்தில் ஒரு பெண்ணின் தொப்பியில் ஊரும் பேனைப் பார்த்து ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய கவிதை 1786-இல் அச்சானது. மற்றவர்கள் நம்மைப் பார்க்கிற மாதிரி நம்மை நாமே பார்க்கும் வரம் கிடைக்காதா என்று கேட்கும் அதன் கடைசிப் பத்தியில் 'கீ அஸ்', 'சீ அஸ்', 'ஃப்ரீ அஸ்' என்று வரிகள் இயைந்து முடிகின்றன. 'கீ' என்றால் கொடு. அதை ஆங்கிலமாக்கி 'கிவ் அஸ்' என்று வாசித்துப் பாருங்கள், இயைபு அங்கேயே உடைந்துவிடும். இரவைக் குறிக்கும் 'நிஃக்ட்' போன்ற சொற்களின் நடுவே வரும் தொண்டை ஒலி நம் ஆய்தத்துக்குக் கிட்டத்தில் வரும். அதை 'நைட்' என்று மாற்றினால் சத்தமும் போய்விடும், சுவையும் போய்விடும்.

புத்தாண்டு இரவில் பாடும் 'ஆல்ட் லாங் ஸைன்' பாட்டுக்கு நடக்கிற அநியாயம் தனி. 'ஜைன்' என்கிறார்கள், 'ஸைன்' என்பதே சரி. முதல் பத்தியோடு நிறுத்தியும் விடுகிறார்கள். உயிர் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது: சின்ன வயதில் இருவரும் மலைச்சரிவில் ஓடிப் பூப்பறித்தோம், காலை வெயிலில் இருந்து சாப்பாட்டு நேரம் வரை ஓடையில் கால் நனைத்தோம், இப்போது நமக்கு நடுவே அகன்ற கடல்கள் இரைகின்றன. 'இதோ என் கை' என்று நண்பனிடம் நீட்டுவது கடைசிப் பத்தியில். கைகளைக் குறுக்கே கோக்க வேண்டியதும் அங்கேதான், தொடக்கத்தில் இல்லை. பாட்டு முழுக்க பர்ன்ஸின் சொந்தச் சரக்கு என்பதும் தவறு. ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாக அவரே கடிதத்தில் சொல்கிறார். 1796-இல் அச்சானபோது அதற்கு வேறு மெட்டு இருந்தது. இன்றைய மெட்டு 1799-இல்தான் சேர்ந்தது.

பர்ன்ஸோடு நின்றுவிடுவதும் குறைதான். ஜான் பார்பர் 1375 வாக்கிலேயே 'த புரூஸ்' காவியம் எழுதினார். கேவின் டக்ளஸ் 1513-இல் வெர்ஜிலின் 'ஏனியட்' முழுவதையும் ஸ்காட்ஸில் கொண்டுவந்தார். 1926-இல் ஹியூ மெக்டியார்மிட் ஒரு குடிகாரனையும் முட்செடியையும் வைத்து நீள்கவிதை எழுதி, இந்த மொழி நவீன சிந்தனையையும் தாங்கும் என்று காட்டினார்.

ஸ்காட்ஸில் எழுத முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்து, சொல்லுக்குச் சொல் அகராதியில் இருந்து மாற்றி வைத்தால் ஸ்காட்ஸ் ஆகாது. ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மொழி தெரியாத ஒருவரால் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தன என்பது 2020-இல் வெளியே வந்தது. மொழிக்கு நேர்ந்த காயம் அது. வட்டார வழக்குகளைக் கலப்பதும் கூடாது: வடகிழக்கின் டோரிக் வழக்கில் 'என்ன' என்பதற்கு 'ஃபிட்' என்பார்கள், கிளாஸ்கோக்காரர் அப்படிச் சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லில் இருந்து எழுத்து விழுந்துவிட்டதைப் போல அபாஸ்ட்ராஃபி என்ற மேல்குறி (') போடும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு அச்சில் வந்தது. ஸ்காட்ஸ் சொல்லில் எந்த எழுத்தும் விழவில்லை, ஆகவே 1947-இல் கவிஞர்கள் சிலர் கூடி அந்தக் குறி வேண்டாம் என்றார்கள்.

கதைப்பாடல்களைப் புத்தகத்தில் மட்டும் படிப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. எழுத்தாளர் வால்டர் ஸ்காட், ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புறப் பாடல்களைத் தொகுத்து 1802-இல் வெளியிட்டார். அவருக்குப் பாடிக் கொடுத்தவர்களில் ஒருவர் மார்கரெட் லெய்ட்லா. அச்சில் பார்த்ததும், 'இவை பாடுவதற்கு ஆனவை, படிப்பதற்கு இல்லை. மந்திரத்தை உடைத்துவிட்டீர்கள், இனி யாரும் பாட மாட்டார்கள்' என்று ஸ்காட்டின் முகத்துக்கு நேரே அந்தப் பெண்மணி சொன்னாராம்.

ஆனால் பாடினார்கள். 1953-இல் நாட்டார் பாடல்களைச் சேகரித்துவந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் அபர்தீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற நாடோடிக் குடும்பப் பெண்ணின் கதவைத் தட்டினார். தலைமுறையாக வந்த கதைப்பாடல்கள் அவர் தொண்டையில் அப்படியே இருந்தன. அவர் குரல் ஒலிப்பதிவுகளில் இன்றும் கிடைக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், புத்தகத்தை அப்புறம் திறக்கலாம்.